மூடுபனிக் கொடியும் மஸ்கரெல்லோ வீடும்



போன ஆவணியில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வீட்டுக்கு வந்தான். பதினைந்து வருடங்களுக்கு மேலாக இத்தாலியிலே, சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலே வசிப்பவன். வந்தவன் கடுதாசியில் சுற்றிய ஒரு போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தான். நான் திகைத்துப்போனேன். "சேர் குடிக்க மாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். குடிக்கத் தரேல்லை, வாசிக்கத்தான் தாறன்" என்று சொல்லிச் சிரித்தான்.

வாசித்தேன். மேலே ஓர் ஊரின் பெயர், பரோலோ. கீழே ஒரு குடும்பத்தின் பெயர். நடுவிலே ஓர் ஆண்டு. வேறு விசேடம் எதுவுமில்லை. எந்தத் திராட்சையில் இருந்து வடித்தது என்றுகூட அதிலே கண்டிருக்கவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பதை இருபது வருடங்களாக வகுப்பிலே சொல்லி வருகிறவன் நான். நிலத்தையும் பொழுதையும் குடியையும் மட்டும் எழுதிவிட்டு மற்றதெல்லாம் உனக்கு விளங்கும் என்று விட்டுவிடுகிற ஒரு பண்டத்தை அன்றுதான் கண்டேன். அதற்குப் பிறகு கிடைத்த நூல்களையெல்லாம் தேடி வாசித்ததன் பயனே இன்றைய பேச்சு.

மதுவைப் பற்றி இலக்கியத் தொடரிலே என்ன பேச்சு என்று சிலர் முகஞ்சுழிக்கலாம். இத்தாலிய மது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரனார் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டிலே, யவனர் நல்ல கலங்களிலே கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறல் பேசப்படுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலே 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அந்தக் 'கலங்களின்' உடைசல்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அவற்றுள் இத்தாலியச் சாடிகளின் துண்டுகளும் இருந்தன. நக்கீரர் பொய் சொல்லவில்லை. அந்தத் தேறல் தென் இத்தாலியின் கரைகளிலிருந்து வந்தது. நான் சொல்லப்போவதோ வடமேற்கு மூலையிலுள்ள மலைநாட்டுச் சரக்கு. அதன் வரலாறு வேறு.

பியெமொந்தே என்ற சொல்லுக்கு மலையடிவாரம் என்று பொருள். அல்ப்ஸ் மலை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்க, அதன் தென்பகுதியிலே லாங்கே எனப்படும் குன்றுகள் அலையலையாய்க் கிடக்கின்றன. அல்பா என்ற சிறு நகரம் அதற்குத் தலைவாசல். அல்பாவுக்குத் தென்மேற்கே பரோலோ, லா மொரா, கஸ்திலியோனே ஃபல்லெத்தோ, செர்ரலுங்கா, மொன்ஃபோர்த்தே முதலான பதினொரு ஊர்களின் குன்றுச் சரிவுகளில் விளையும் நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோ வைன் செய்யலாம். வேறெதுவும் கலக்கக் கூடாது. நெபியா என்றால் அவர்கள் மொழியிலே மூடுபனி. மூடுபனி குன்றுகளுக்கிடையிலே பாலைப் போல வந்து தேங்கும் ஒக்தோபர் மாதத்திலே பழுப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பர். பழத்தின் மேல் படியும் வெள்ளைப் பூச்சினால் வந்தது என்பாரும் உளர். சொல்லாராய்ச்சிக்காரர் எங்கும் ஒரே மாதிரித்தான்.

இந்தக் கொடியின் குணம் விசித்திரமானது. தோட்டத்திலே முதலில் துளிர்ப்பதும் இதுவே, கடைசியில் பழுப்பதும் இதுவே. முன்னதனாலே சித்திரைக் குளிருக்கு அஞ்ச வேண்டும். பின்னதனாலே ஐப்பசி மழைக்கு அஞ்ச வேண்டும். தெற்கு நோக்கிய, நல்ல வெயில் விழும் சரிவிலே அல்லாமல் வேறெங்கே நட்டாலும் சரியாகப் பழுக்காது. மாரியிலே எந்தச் சரிவில் உறைபனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பது அவ்வூர்க் கிழவர்களின் கணக்கு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே பந்தலிட்டு நாம் முந்திரிகை வளர்க்கிறோமே, அந்தப் பந்தல் அங்கே இல்லை. சாம்பல் வெள்ளையான சுண்ணாம்புக் களிமண்ணிலே, குன்றைச் சுற்றி வரிவரியாகக் கம்பி கட்டி, ஆள் நெஞ்சளவில் கொடியைப் படர்த்தி, மாரிகாலத்திலே ஒவ்வொரு கொடியாகக் கையாலே கவ்வாத்துப் பண்ணுகிறார்கள்.

நெபியோலோவின் பெயர் 1268இல் தூரின் நகருக்கு அருகேயுள்ள ரிவோலியின் கணக்கேட்டிலே முதலில் காணப்படுகிறது. 1431இல் லா மொரா ஊரின் சட்ட ஏட்டிலே, இந்தக் கொடியை வெட்டுபவனுக்குத் தண்டம் விதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கொடியை ஊரே காவல் செய்திருக்கிறது என்றால் அதனுடைய மதிப்பை நாம் ஊகிக்கலாம். 1752 என்று ஆண்டும் கன்னூபி என்று குன்றின் பெயரும் பொறித்த ஒரு பழைய போத்தல் இன்றும் பேணப்படுகிறது. பரோலோ என்று ஊரின் பெயரிலே வைன் விற்கப்படும் முன்னரே அந்த ஊரிலுள்ள ஒரு குன்றின் பெயர் போத்தலிலே ஏறிவிட்டது! கன்னூபிக்கு நாம் பின்னாலும் திரும்பி வருவோம்.

இனி ஓர் அம்மையாரின் கதை. ஜூலியா கொல்பேர் என்பவர் பிரான்சிலே, வாந்தே பகுதியிலே பிரபு குடும்பமொன்றிலே பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது உறவினர் பலரைப் பறிகொடுத்த குடும்பம் அது. 1806இல் பரோலோவின் பிரபுவான கார்லோ தன்கிரெதி ஃபல்லெத்தியை மணந்து, பின்னர் தூரினுக்கு வந்தார். இருவருக்கும் பிள்ளை இல்லை. சொத்து மலைபோல இருந்தது. அம்மையார் அதைச் செலவழித்த இடம் ஆச்சரியமானது: தூரின் நகரின் பெண்கள் சிறை. கைதிகளோடு உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சிறையின் நிர்வாகத்தையே திருத்தினார். ஏழைச் சிறுமியருக்குப் பள்ளிகள் கட்டினார். பரோலோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவரை வைனைக் கண்டுபிடித்த சீமாட்டி என்று ஒரு வரியிலே முடித்துவிடுகிறார்கள். எனக்கோ சிறைக்கதவுதான் பெரிதாய்த் தெரிகிறது.

அதே வீட்டுக்கு 1834இல் ஒரு மனிதர் நூலகராக வந்து சேர்ந்தார். பெயர் சில்வியோ பெல்லிக்கோ. ஒஸ்திரிய ஆட்சியை எதிர்த்த இரகசியச் சங்கத்திலே சேர்ந்ததற்காக 1820இல் மிலான் நகரிலே கைதாகி, மரண தண்டனை பதினைந்து வருடச் சிறையாகக் குறைக்கப்பட்டு, ஸ்பீல்பேர்க் கோட்டையிலே சங்கிலியோடு கிடந்து 1830இல் வெளிவந்தவர். 1832இல் அவர் வெளியிட்ட 'என் சிறைகள்' என்ற நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. கோபமே இல்லாமல் எழுதப்பட்ட அந்த நூல் ஒரு போரில் தோற்றதைவிட ஒஸ்திரியாவுக்கு அதிக நட்டம் விளைவித்தது என்று அந்நாளிலே சொல்லிக்கொண்டார்களாம். சிறையிலிருந்து மீண்டவருக்கு, சிறைகளைத் திருத்தப் புறப்பட்ட ஒரு பெண்ணின் வீட்டிலே இடம் கிடைத்தது. 1854இல் இறக்கும்வரை அவர் அக்குடும்பத்தோடுதான் இருந்தார். பரோலோவிலுள்ள அவர்களுடைய கோட்டையிலே பெல்லிக்கோவின் நூலகம் இருக்கிறது. அதே கோட்டைக்குள் 2010இல் வைன் நூதனசாலையும் திறக்கப்பட்டது.

இந்த அம்மையாரைப் பற்றி ஒரு கதை உண்டு. சர்தினிய அரசன் கார்லோ அல்பேர்த்தோ ஒருநாள், "உம்முடைய வைனைப் பற்றிக் கேள்விப்படுகிறோம், எப்போது சுவைப்போம்?" என்று கேட்டானாம். சில நாளிலே மாட்டு வண்டிகள் வரிசையாகத் தூரினுக்குள் நுழைந்தனவாம், ஒவ்வொன்றிலும் ஒரு பீப்பாவாக முந்நூற்றிருபத்தைந்து பீப்பாக்கள். வருடத்து நாட்களிலே தவசு காலத்து நாற்பது நாளைக் கழித்து மிச்சம் நாளைக்கு ஒன்று! கதையின் கணக்கு அழகாக இருக்கிறது; கணக்கு இவ்வளவு அழகாக இருந்தாலே வரலாற்று மாணவன் சந்தேகப்பட வேண்டும். அரசன் 1838இல் அயலூரான வெர்தூனோவிலே தானே தோட்டமும் கோட்டையும் வாங்கினான் என்பது மட்டும் உறுதி.

இன்னொரு கதையும் நெடுங்காலம் பாடப்புத்தகம் போல ஒப்புவிக்கப்பட்டு வந்தது. அந்நாள்வரை நெபியோலோ வைன் இனிப்பாகத்தான் இருந்தது. குளிர் வந்ததும் நொதித்தல் பாதியிலே நின்றுவிடும். லூயி உதார் என்ற பிரெஞ்சுக்காரர் வந்துதான் முழுக்க நொதிக்க வைத்து உலர்ந்த வைனாக ஆக்கிக் கொடுத்தார் என்பது அது. அண்மைக்கால ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையும் கணக்குகளையும் எடுத்துப் பார்த்து இதை மறுக்கிறார்கள். பாவோலோ ஃபிரான்செஸ்கோ ஸ்தல்யேனோ என்ற படை அதிகாரி 1835இலேயே வைன் செய்யும் கைநூலொன்றை அச்சிட்டிருக்கிறார். கிரின்சானே ஊரிலே 1832 முதல் 1849 வரை மேயராயிருந்த இளைஞர் ஒருவரின் நிலவறையிலும் பின்னர் அரசனுடைய வெர்தூனோவிலும் உலர்ந்த வைன் செய்து காட்டியவர் இவரே. உதார் பெரிதும் ஒரு வியாபாரி என்பது அவர்கள் முடிவு. அந்த இளைய மேயர்தான் கமில்லோ கவூர்; பிற்காலத்திலே ஒன்றுபட்ட இத்தாலியின் முதற் பிரதமர். நல்லது எதுவும் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து கற்றுத்தந்ததாய்த்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிற பழக்கம் நமக்கு மட்டுமுரியதன்று என்று கண்டபோது எனக்கு ஒருவகை ஆறுதல்.

அரசர்களின் வைன், வைன்களின் அரசன் என்ற பட்டம் இந்தக் காலத்து விஷயங்களால் வந்தது. ஆனால் அரசர்கள் கவ்வாத்துப் பண்ணவில்லை. பண்ணியவர்களின் கதைக்கு வருவோம்.

அக்குன்றுகளிலே நெடுங்காலம் நிலவிய முறை அரைவாரம். காணி ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைவிலே பாதிக்குப் பாதி. சொல்லும்போது நீதியாகத்தான் தோன்றும். சொந்தமாகத் துண்டுக் காணி வைத்திருந்தவர்களின் நிலையும் பெரிதாக வேறன்று. அறுவடை நாளிலே திராட்சையை வண்டியிலேற்றி அல்பாவின் சதுக்கத்திலே கொண்டுபோய் நிறுத்துவார்கள். தரகர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள், வாங்க மாட்டார்கள். வெயில் ஏற ஏறப் பழம் கசிந்து சாறு ஒழுகத் தொடங்கும். பொழுதுபடும் நேரத்திலே தரகர் திரும்பி வந்து கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுக் கமக்காரன் வெறும் வண்டியோடு வீடு திரும்புவான். நம்மூர்ச் சந்தையிலே வெங்காயத்தோடும் புகையிலையோடும் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வாழ்வை இலக்கியத்திலே எழுதியவர் இருவர். ஒருவர் செசாரே பவேசே. 1908இல் அல்பாவுக்குக் கிழக்கே சாந்தோ ஸ்தெஃபனோ பெல்போவிலே பிறந்தவர். அவருடைய கடைசி நாவலான 'நிலவும் தீக்குவியல்களும்' 1950இல் வந்தது. அதே வருடம் தூரினிலே ஒரு ஹோட்டல் அறையிலே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்நாவலிலே வலீனோ என்ற வாரக்குடியானவன் வருகிறான். காணிக்காரி வந்து அவரையையும் உருளைக்கிழங்கையும்கூடப் பங்கு பிரித்துக்கொண்டு போன நாளிலே, அவன் வீட்டுப் பெண்களைக் கொன்று, வீட்டுக்குத் தீ வைத்து, கொடி ஒன்றிலே தூக்குப்போட்டுச் சாகிறான். அழகிய திராட்சைக் குன்றுகளின் படத்தை நாள்காட்டியிலே பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வலீனோவின் நினைவு வராமல் இருப்பதில்லை.

மற்றவர் பெப்பே ஃபெனோலியோ. 1922இல் அல்பாவிலே ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். 1954இல் வந்த அவருடைய 'லா மலோரா', அகோஸ்தீனோ என்ற பையனை வறுமை காரணமாகத் தகப்பன் இன்னொரு வாரக்குடியானவனிடம் வேலைக்காரனாக விட்ட கதை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது பரோலோவின் சரிவுகள் அல்ல, இன்னும் உயரே, திராட்சை சரியாகப் பழுக்காத, பசிக்கு மட்டும் குறைவில்லாத மேல்லாங்கே. இரண்டுக்கும் இடையிலே சில கட்டை தூரந்தான். ஃபெனோலியோ வேலை பார்த்த இடம் எது தெரியுமா? அல்பாவிலிருந்த ஒரு வைன் ஏற்றுமதி நிறுவனம். ஆங்கிலம் நன்கறிந்தவராதலால் வெளிநாட்டுக் கடிதங்களை அவர் எழுதினார். பகலிலே வைன் விற்கும் கடிதம், இரவிலே மலோரா. 1963இல், நாற்பத்தோராவது பிறந்தநாளைக் காணாமலே இறந்துபோனார்.

ஃபெனோலியோவின் இன்னொரு நூல் 'அல்பா நகரத்தின் இருபத்துமூன்று நாட்கள்'. 1944 ஒக்தோபர் 10ஆம் திகதி, பாசிச எதிர்ப்புப் போராளிகள் குன்றுகளிலிருந்து இறங்கி அல்பாவைப் பிடித்தார்கள். நவம்பர் 2ஆம் திகதி இழந்தார்கள். அந்தப் போராளிகளுள் அவரும் ஒருவர். ஆனாலும் வீரகாவியமாக எழுதாமல், மழையையும் சேற்றையும் தலைவர்களின் ஆடம்பரத்தையும் பயத்தையும் உள்ளபடி எழுதினார். 1952இல் நூல் வந்தபோது தோழர்கள் சிலருக்கே கோபம் வந்தது. போர்க்காலத்தை வாழ்ந்து கடந்த நமக்கு, அந்த நேர்மைக்கு எவ்வளவு துணிவு வேண்டுமென்பது தெரியும்.

இந்த நூல்களை வெளியிட்ட பதிப்பகம் தூரினிலே 1933இல் ஜூலியோ எய்னாவுதி தொடங்கியது. பவேசே அங்கே முதன்மையான பதிப்பாசிரியர்களுள் ஒருவர். ஜூலியோவின் தந்தை லூயிஜி எய்னாவுதி, பொருளியல் பேராசிரியர். 1948 முதல் 1955 வரை இத்தாலியின் ஜனாதிபதி. அவரும் ஒரு வைன்காரர்! 1897இல், இருபத்துமூன்று வயதிலே, பரோலோவுக்குத் தெற்கே தொலியானியிலே கடன்பட்டுத் தோட்டம் வாங்கியவர். மகன் அச்சிட்ட நூல்களின் வாரக்குடியானவர்களையும் தந்தை நட்ட கொடிகளையும் ஒரே மண்ணிலே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போர் முடிந்த பிறகு மலை காலியாகத் தொடங்கியது. தூரினிலே ஃபியட் மோட்டார்த் தொழிற்சாலை. அல்பாவிலோ 1946இல் தொடங்கிய ஃபெரெரோ மிட்டாய்த் தொழிற்சாலை. அதன் பஸ்வண்டிகள் விடியற்காலையிலே கிராமம் கிராமமாக வந்து ஆட்களை ஏற்றிச் சென்றன. மாதச் சம்பளம் என்ற சொல்லைக் கேட்ட பெண்கள் கமக்காரனுக்கு வாழ்க்கைப்பட மறுத்தார்கள். குன்றிலே தனித்துப்போன ஆண்களுக்குக் கலியாணத் தரகர்கள் இத்தாலியின் தென்கோடியிலிருந்து, கலாப்ரியாவிலிருந்து, பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வடக்கின் பேச்சு தெற்குப் பெண்ணுக்குப் புரியாது. மாமியாருக்கு அவள் சமையல் பிடிக்காது. இவர்களுடைய வாய்மொழியை நூத்தோ ரெவெல்லி என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகச் சென்று சேகரித்தார். 1977இல் வந்த 'தோற்றவர்களின் உலகம்', 1985இல் வந்த, பெண்கள் பேசும் 'வலிய வளையம்' என்னும் இரண்டு நூல்களும் எந்த நாட்டு வரலாற்று மாணவனும் வாசிக்க வேண்டியவை. அரைவாரமோ 1964இல் புதிய ஒப்பந்தங்கள் தடைசெய்யப்பட்டு மெல்ல மறைந்தது. ஒழிந்தபோது வாரத்துக்கு விட ஆளும் இருக்கவில்லை.

எல்லாரும் போகவில்லை. பரோலோ ஊருக்குள்ளே, தெருவோரத்துச் சிறு வீடொன்றிலே, ஒரு குடும்பம் தங்கிவிட்டது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஜூலியோ மஸ்கரெல்லோ, தரகருக்குப் பழம் விற்பதை விட்டுத் தாமே வைன் செய்து விற்பதென்று துணிந்து அந்த வீட்டைத் தொடங்கினார். பிறகு கன்னூபி குன்றிலும் அயலிலும் துண்டு துண்டாகக் காணி வாங்கினார். கன்னூபி, சன் லொரென்சோ, ருயே, லா மொராவின் ரொக்கே என நாலு இடத்திலே சிறு சிறு துண்டுகள். எல்லாம் சேர்ந்தாலும் ஐந்து ஹெக்டயர் அளவுதான். அவருடைய மகன் பர்தோலோ, போரிலே பாசிச எதிர்ப்புப் பக்கம் நின்றவர். 1945க்குப் பின் தகப்பனோடு நிலவறைக்குள் இறங்கினார்.

அவர்களுடைய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு காணியின் பழத்தையும் ஒன்றாகவே கலந்து நொதிக்க விடுவது. ஒரு சரிவிலே ஆலங்கட்டி விழுந்தால் இன்னொரு சரிவு கைகொடுக்கும். ஒன்றின் துவர்ப்பை மற்றொன்றின் மணம் ஆற்றும் என்பது அதன் நியாயம். சீமெந்துத் தொட்டியிலே தோலோடு ஒரு மாதம், சில ஆண்டுகளிலே இன்னும் கூட, ஊற விடுவார்கள். பிறகு ஆயிரக்கணக்கான லீற்றர் கொள்ளும் பழைய பெரிய ஓக் பீப்பாக்களிலே வருடக்கணக்காய்க் கிடக்கும். சட்டமே பரோலோவுக்கு முப்பத்தெட்டு மாதம் விதிக்கிறது. அதில் பதினெட்டு மாதம் மரப்பீப்பாவிலே. வெளிவரும்போது நிறம் கறுத்திருக்காது; வெளிறிய செங்கல் நிறம். மணத்தை ரோசாப்பூவும் தாரும் என்று வர்ணிப்பது வழக்கம். றோட்டுக்கு ஊற்றும் தார்தான்! இளமையிலே குடித்தால் வாயைக் கட்டிப்போடும் துவர்ப்பு. பத்து, இருபது வருடம் பொறுத்தால் இளகும். நான் சொல்வது கேள்வி ஞானம், நேயர்கள் மன்னிக்க.

எண்பதுகளிலே இந்தப் பொறுமைக்கு எதிராகக் கலகம் எழுந்தது. கலகக்காரரைத் தூற்றுவது எளிது. அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். பழைய பீப்பாக்கள் பல அழுக்கேறி நாறின. வருடக்கணக்காய்க் காத்திருந்து விற்றாலும் விலையில்லை. லா மொராவின் எலியோ அல்தாரே 1976இல் பிரான்சின் பர்கண்டிக்குப் போய், அங்குள்ள கமக்காரர் எவ்வளவு வசதியாய் வாழ்கிறார்கள் என்பதைக் கண்டு வெட்கத்தோடு திரும்பினார். 1983இல் ஒரு நாள் சங்கிலி வாளை எடுத்துத் தகப்பனுடைய பெரிய பீப்பாக்களைத் துண்டு துண்டாக அறுத்துத் தள்ளினார். அதற்குப் பதிலாகப் பரீக் எனப்படும் 225 லீற்றர்ப் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாக்களைக் கொண்டுவந்தார். புதிய மரத்தின் வனிலா வாசமும் மென்மையும் வைனிலே சீக்கிரம் ஏறும். அமெரிக்கச் சந்தை அதை விரும்பியது. தகப்பன் அவரைச் சொத்திலிருந்து நீக்கினார். சமாதானம் ஆகாமலே இறந்தார். மகன் தம் வீட்டையும் தோட்டத்தையும் உடன்பிறந்தோரிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. அந்த வாளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற தகப்பனையும் நான் நினைக்கிறேன். பிள்ளைக்கும் ஒரு நியாயம் இருந்ததென்பதையும் மறுக்க என்னால் இயலவில்லை.

இதற்கிடையே 1986 மார்ச்சிலே இத்தாலி முழுவதையும் உலுக்கிய ஒன்று நடந்தது. மலிவு வைனிலே போதையின் அளவைக் கூட்டுவதற்காக மெதனோல் கலந்திருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் கண் பார்வையை இழந்தார்கள். விசாரணை போய் நின்ற இடங்களுள் ஒன்று நர்சோலே, பரோலோவின் அயலூர். கசிப்புச் சாவுகளின் செய்தியைப் படித்துப் பழகிய நமக்கு மெதனோல் தெரியாத பெயரன்று. இத்தாலிய வைனின் ஏற்றுமதி சரிந்தது. ஒரு போத்தலிலே யாருடைய பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குரியவர் எங்கே இருக்கிறார், கதவைத் தட்டினால் திறப்பாரா என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கினார்கள். குடும்ப வீடுகளின் மதிப்பு உயரத் தொடங்கியதற்கு இந்தச் சாவுகளும் ஒரு காரணம் என்பது கசப்பான உண்மை.

பர்தோலோ மஸ்கரெல்லோ எதையும் மாற்றவில்லை. பரீக் வாங்கவில்லை. கன்னூபியைத் தனியாகப் போத்தலில் அடைத்தால் கூடிய விலை கிடைக்குமென்று எல்லாரும் சொன்னார்கள், அடைக்கவில்லை. கடைசிக் காலத்திலே நடமாட முடியாமல் சக்கர நாற்காலியிலே இருந்தார். நிலவறைக்குள் இறங்க இயலாதபோது மேலே மேசையருகே அமர்ந்து வர்ணப் பெட்டியை எடுத்துப் போத்தலுக்குரிய ஒட்டுத்தாள்களைத் தம் கையாலே வரைந்தார். அவற்றுள் ஒன்று உலகம் சுற்றியது. 'பரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்பது அதன் வாசகம். 1999ஆம் ஆண்டு விளைவின் போத்தல்களிலே அது ஒட்டப்பட்டது. பெர்லுஸ்கோனி அப்போது நாட்டின் பெருந் தொலைக்காட்சி முதலாளி. 2001இல் மறுபடி பிரதமராக வந்தவர். மரத்தின் வாசத்தையும் தொலைக்காட்சியின் வாசத்தையும் கிழவர் ஒரே மூக்கினால் முகர்ந்திருக்கிறார். அவருடைய மேசையைச் சுற்றி எழுத்தாளரும் பேராசிரியரும் கூடுவர். நான் முன் சொன்ன ரெவெல்லியும் பதிப்பாளர் எய்னாவுதியும் அங்கே வந்துபோனவர்கள். 2005இல் பர்தோலோ காலமானார்.

அதற்குள் சண்டையும் தணிந்துவிட்டது. பரீக் வாங்கியவர் பலர் மெல்லப் பெரிய பீப்பாவுக்குத் திரும்பினார்கள். பழைய வீடுகள் தம் பீப்பாக்களைச் சுத்தமாக வைக்கக் கற்றுக்கொண்டன. இன்றைய அபாயம் வேறு. 2014இல் யுனெஸ்கோ அக்குன்றுகளை உலக மரபுரிமை ஆக்கியது. நல்ல சரிவிலே ஒரு ஹெக்டயர் காணியின் விலை பத்து லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. பசித்துக் கிடந்த அதே மண்! தகப்பன் இறந்தால் காணியைப் பிள்ளைகள் தமக்குள் பிரிப்பதா, வெளியாருக்கு விற்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும். கஸ்திலியோனே ஃபல்லெத்தோவின் பெயர்பெற்ற வியெத்தி வீடு 2016இல் ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்குக் கைமாறியது.

மஸ்கரெல்லோ வீட்டை இப்போது நடத்துபவர் பர்தோலோவின் மகள் மரியா தெரேசா. 1993 முதலே தந்தையோடு வேலையில் நின்றவர். கன்னூபிக்குத் திரும்பி வருவோம் என்றேன் அல்லவா? அந்தக் குன்றின் நடுப்பகுதி பதினைந்து ஹெக்டயர் அளவு. அதுவே பழைய கன்னூபி என்பது இவருடைய கட்சி. இருபுறமும் ஒட்டியிருக்கும் சரிவுகளும் கன்னூபிதான், மொத்தம் முப்பத்துநாலு என்பது பெரிய நிறுவனமொன்றின் கட்சி. சிறு உற்பத்தியாளர்களைச் சேர்த்துக்கொண்டு மரியா தெரேசா நீதிமன்றம் போனார். 2012இல் ரோமாபுரியின் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. 2013இல் மேன்முறையீட்டிலே தீர்ப்பு மாறியது. இதிலே வேடிக்கை என்னவென்றால், தம் வைனைக் கன்னூபி என்று தனியே விற்காத வீடுதான் கன்னூபியின் எல்லைக்காக வழக்காடியது. காணி விலைக்காக ஆடிய வழக்கன்று அது; ஒரு சொல்லின் பொருளுக்காக ஆடியது. தமிழாசிரியனுக்கு அதில் ஒரு பற்று ஏற்படுவதை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மாணவன் கொணர்ந்த போத்தல் மஸ்கரெல்லோ வீட்டினதன்று. அது அவன் சம்பளத்துக்கு எட்டாது. அயலிலுள்ள வேறொரு குடும்பத்தினது. மூடிக் கட்டை காயாதிருக்கப் படுக்கவைக்க வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனான். நிகண்டுகள் வைத்திருக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டிலே படுத்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற உறவினர் கண்ணிலே படாதபடி என் மனைவி அதன்மேல் ஒரு பழைய வீரகேசரித் தாளைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

ஃபெனோலியோவைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய உண்டு. அடுத்த வாரம் 'லா மலோரா'வின் அகோஸ்தீனோவோடு சந்திப்போம்.